பொட்டுக்குக் கீழே இருந்த பெயர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் முப்பது ஆண்டுகளாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறார் லியனார்ட். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு விலை மதிப்பும் சொல்வார். வீடு மாறுகிறவர்களும் சாவு வீட்டைக் காலி செய்கிறவர்களும்தான் அதற்கு வருவார்கள். மூலையில் ஒரு கையெழுத்து இருந்தால் போதும், ஆசையோடு படியேறுவார்கள். உண்மையைச் சொன்னதும், அவரே எதையோ திருடிவிட்டதுபோல் பார்த்துவிட்டு இறங்குவார்கள். அந்தச் சனிக்கிழமை மதியத்துக்குள் அப்படி மூன்று பேர் போயிருந்தார்கள். அவருக்கு அலுத்துவிட்டது.

நான்காவதாக அம்மா பவுனம்மாளோடு வந்தவன் தனேஷ். கிள்ளான் வீட்டைக் காலி செய்து, அவரை ரவாங்கில் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போகிறானாம். கையில் பொன்னிறச் சட்டத்துக்குள் ஒரு ஏரி, இரண்டு மலை, மரங்கள். விலை போகுமென்றால் விற்பது, இல்லாவிட்டால் கடையிலேயே விட்டுவிடுவது, வீட்டில் இடமில்லை என்று விவரத்தை முடித்துவிட்டு, காரைத் தள்ளி நிறுத்த ஓடினான்.

பவுனம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, வெல அதிகம்னு சொல்லிறாதீங்க, வித்துருவான். கம்மின்னும் சொல்லிறாதீங்க, வீசிருவான்."

லியனார்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

"அப்ப நான் என்னதான்க்கா சொல்றது?"

பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கிய சம்பளத்தில், முதன்முதலாகத் தனக்கென்று வாங்கியது அந்தப் படம் என்று மட்டும் சொன்னார் பவுனம்மாள். நாற்பத்தோரு வருடமாகக் கண் விழித்ததும் பார்ப்பது அந்த ஏரியைத்தான்.

படத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார் லியனார்ட். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு இதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். ஐந்தாவது பொட்டு சரியாகக் கையெழுத்தின் மேல்.

பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் தொட்டு ஈரமாக்கித்தான் அவர் அழுக்கெடுப்பது வழக்கம். எச்சிலைப் போலப் பதமான மருந்து கடையில் கிடைக்காது. குச்சி உதடுவரை போனது. பவுனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிட்டு வைத்த பொட்டு. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற லியனார்டுக்குக் கை வரவில்லை. எழுந்துபோய் புட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துவந்தார். அரைமணி நேரம் பிடித்தது.

தனேஷ் திரும்பி வந்தபோது எழுத்துகள் தெரிந்தன: வெல்டன்.

"பெரிய ஆளா அங்கிள்?"

"ஆளே இல்ல லா. ஒரு பட்டறையில பத்துப் பேரு வரைவாங்க, எல்லாரும் இதே பேரப் போடுவாங்க. பர்னிச்சர் கடையில சோபாவுக்கு மேல மாட்ட வாங்குறது. நூறு வெள்ளி போகும், கேக்க ஆள் வந்தா."

தனேஷ் முகம் தொங்கியது. அப்போ இங்கேயே போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டான். பவுனம்மாள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

லியனார்ட் அளவு நாடாவை எடுத்தார். அம்மா அறையில் அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே எவ்வளவு சுவர் என்று விசாரித்தார். கட்டிலுக்காக அளந்து வைத்திருந்தான் தனேஷ்: முப்பது அங்குலம். சட்டத்தோடு படம் முப்பத்தாறு.

"படம் வெறும் இருபத்தெட்டுதான். எடத்த அடைக்கிறது சட்டம். பழைய தேக்கு, அத நான் முந்நூறுக்கு எடுத்துக்குறேன். அம்மா படத்த மாட்டிக்கட்டும்."

தனேஷ் சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். மனதுக்குள் முப்பதிலிருந்து இருபத்தெட்டைக் கழித்தும் பார்த்திருக்க வேண்டும். "சரி அங்கிள்."

ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தார். இத்தனை காலம் சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் வானம் விரற்கடை அகலத்துக்குப் பளிச்சென்ற நீலம். மற்ற இடமெல்லாம் சாம்பிராணிப் புகை குடித்த பழுப்பு.

பவுனம்மாள் அதைத் தொட்டார். "இவ்ளோ நீலமாவா இருந்துச்சு."

முழுவதையும் சுத்தம் செய்து தரலாம் என்றார் லியனார்ட்.

"வேணாம் தம்பி. எனக்குப் பழகுனது இதுதான்."

செய்தித்தாளில் சுற்றிக்கொடுத்தார். வாசல்வரை போன பவுனம்மாள் நின்று, அழித்த பொட்டை ரவாங் போனதும் அதே இடத்தில் வைத்துவிடுவதாகச் சொன்னார். கையெழுத்து மறைந்துவிடுமே என்றான் தனேஷ்.

"மறையட்டுமே. யாருன்னே தெரியாத ஆளு."

லியனார்ட் காலிச் சட்டத்தை ஆணியில் மாட்டினார். மூலைப் பொட்டுகளைத் துடைக்க வேண்டும். இன்றைக்கு முடியாது. படியில் மறுபடி காலடிச் சத்தம் கேட்டது.