சுண்ணாம்புப் பொட்டு

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர். ரோடு காண்ட்ராக்ட் எடுத்திருந்த அண்ணாத்த, ஜூனியர் இன்ஜினியர், ரோட்டைத் துளைத்துச் சோதிக்கும் மெஷின்காரர், டீக்கடை அக்கா, ரோலர் ஓட்டிய நான். மெஷின் சத்தம் நின்றதும் துளையிலிருந்து ஒரு தார் வில்லையை எடுத்துத் தரையில் வைத்தார்கள். உள்ளங்கை அகலம் இருந்தது. கனம்தான் இல்லை. எட்டாவதோடு நின்றவன் நான். கேஸ் என்று வந்தால் ரோலர் ஓட்டினவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று எப்போதும் ஒரு பயம்.

திருப்போரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற கிளைச் சாலை அது. டெண்டர் யாருக்கு என்பதைக் காண்ட்ராக்டர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டே முன்னாடியே பேசி முடித்திருந்தார்கள். அந்தத் தடவை அண்ணாத்தயின் முறை. விட்டுக்கொடுத்தவர்களுக்கு, ஆபீசுக்கு, கட்சிக்காரருக்கு என்று பங்கு போனது. ஜல்லி இறங்கும்போதெல்லாம் அண்ணாத்த சொல்வார்: “எல்லாருக்கும் குடுத்தது போவ மிச்சம் கீறதுதாம்பா ரோடு.” கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் மகளுக்கு டெங்கு வந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் படுத்துக் கிடந்தவர்.

சோதனைக்கென்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாரைக் கனமாகப் போட்டு, ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பது வழக்கம். இன்ஜினியருக்கும் தெரியும். அதற்கு நேராகத்தான் மெஷினை வைப்பார்கள். அந்த வாரம் மாசி மகம். மாமல்லபுரம் போகிற கூட்டம் பைக்கைத் தாறுமாறாக நிறுத்துமே என்று அக்கா கடைக்கு முன்னால் வரிசையாகச் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருந்தார். எது எங்கள் பொட்டு என்று தெரியாமல் அண்ணாத்த ஒன்றைக் காட்டிவிட்டார்.

அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னா அண்ணாத்த, நான் ஊத்துற தோசையே இதவிட மொத்தமா கீதே.”

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் கோபப்படவும் இல்லை. அண்ணாத்தயை ஓரமாகக் கூப்பிட்டு, “எழுதுற அளவு மாறாது. நம்ம கணக்குதான் மாறும்,” என்றார்.

அந்தக் கூடுதல் பங்குக்கு என் சம்பளமும் போனது. “பில்லு வந்தா மொதல்ல உனக்குதாம்பா,” என்று அண்ணாத்த சொல்லிக்கொண்டே இருந்தார். பில் வந்தது, வட்டிக்குக் கொடுத்தவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள். மழையில் ரோடு போயிற்று. கொஞ்ச நாளில் நெஞ்சுவலி வந்து அவரும் போனார். காரியத்துக்குப் போயிருந்தேன். தனக்கு ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். நான் எதையும் கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்போது அதே சாலைக்கு மறுபடி டெண்டர். காண்ட்ராக்டர் வேறு, இன்ஜினியர் அவரேதான், ரோலரில் நான். நேற்று ஓரத்தில் பொட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். வேண்டாம் என்றால் இந்தப் பிழைப்பும் போகும்.

“பயப்படாதபா, இந்த தபா நான் ஒண்ணும் வெக்கல,” என்றார் அக்கா.

கடல் காற்றில் கடையின் தார்ப்பாய் பறக்காமலிருக்க, அன்றைக்குத் துளைத்தெடுத்த அந்த வில்லையைத்தான் அதன் நுனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதற்குப் போதுமான கனம் இல்லை. பாய் படபடத்துக்கொண்டேதான் இருக்கிறது.

அண்ணாத்த எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.