ஆயுத பூஜையன்று திறந்து கிடந்த கிளட்ச்

ஐயா, அம்மா, தங்கள் நேரத்தில் சிறிது எனக்கு ஒதுக்கியமைக்கு நன்றி. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். எனினும் முப்பது ஆண்டுகளாக ஒரே மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவன் அதன் வயிற்றை அவ்வப்போது திறந்து பார்க்கக் கற்றுக்கொள்வது இயல்பு.

சென்ற ஆண்டு நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பு, ஆடுகோடியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து மர்பி டவுனில் வசிக்கும் மைத்துனி வீட்டிற்கு மனைவியுடன் சென்றுகொண்டிருந்தேன். தொம்மலூர் மேம்பாலத்தில் ஏறும்போது இஞ்சின் வீறிட்டது; வண்டியோ நகர மறுத்தது. கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது என்பது எனக்கு உடனே விளங்கிற்று. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரருக்கும் விளங்கிற்று.

"யஜமான்ரே, சத்தம் ஏரோப்ளேன் மாதிரி இருக்கு, வண்டி இங்கயே நிக்குதே. அம்மாவ இப்பிடி ஏத்தி விடுங்க. மீட்டருக்கு மேல ஒன் அண்ட் ஹாஃப் கேக்க மாட்டேன்."

என் மனைவி ஆட்டோவில் ஏறவில்லை. இறங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பாலத்தின் உச்சி வரை நடந்தே சென்றார். நான் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். உச்சியில் நின்று அவர் கூறியது இது:

"விஜயதசமிக்கு என் தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுபடி இதே பாலத்துல ஏறணும். அன்னிக்கு ரெண்டு பேரையும் ஏத்திக்கினு போச்சுன்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா யாருக்காவது குடுத்துடுங்க. இந்த வயசுல என்னால ரோட்டுல நடக்க முடியாது."

நியாயமான நிபந்தனை என்பதால் ஒப்புக்கொண்டேன். குற்றமும் என்னுடையதே. நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்து செல்வது என் நெடுநாள் வழக்கம். கிளட்ச் தட்டுகள் தேயாமல் என்ன செய்யும்?

தெருமுனை உதிரிபாகக் கடைக்காரர் புதிய தட்டுகளைக் கொடுக்கும்போதே எச்சரித்தார். "சாப், ஒரு ராத்திரி முழுக்க ஆயில்ல ஊறப் போடுங்க. அப்பிடியே காய்ஞ்ச பிளேட்ட மாட்டினா அதுல பதிச்சிருக்கிற கார்க் கருகிடும். அப்புறம் என் கடையத்தான் திட்டுவீங்க."

தலையாட்டினேனே தவிர மனத்தில் கொள்ளவில்லை. எண்ணெயில் ஒருமுறை தோய்த்தெடுத்தால் போதாதா என்று எண்ணினேன். சோம்பலினால் நாட்களும் நழுவின. ஆயுத பூஜையன்று காலையில்தான் வேலையைத் தொடங்கினேன்.

பழைய எண்ணெயை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங்குகளை நீக்கித் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். கார்க் துண்டுகள் இருந்த இடத்தில் வெறும் பள்ளங்கள் எஞ்சியிருந்தன. அவற்றிற்கு இடையிலிருந்த இரும்புத் தட்டுகள் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தன.

"என்னங்க, பன்னெண்டு மணிக்குள்ள பூஜை. குளிச்சிட்டு வாங்க" என்று மனைவி அழைத்தார். எண்ணெய்க் கையோடு சாமி முன் நிற்க இயலாது. சென்று குளித்தேன்.

திரும்பி வந்து பார்க்கையில் தரையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. அனைத்தும் பூஜையறையில் வரிசையாக, சந்தனமும் குங்குமமும் இட்டு, மேலே சாமந்திப் பூவோடு வீற்றிருந்தன. திறந்து கிடந்த வண்டிக்கும் ஹேண்டில்பாரில் மாலை போடப்பட்டிருந்தது.

"வேல இன்னும் முடியலையே" என்றேன்.

"கருவிங்களுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் லீவு. நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டிட்டு எடுத்துத் தரேன்."

பூஜையில் வைத்ததை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆடுகோடியில் பட்டறைகளுக்குப் பஞ்சமா என்று இரவல் கேட்கக் கிளம்பினேன். முதல் பட்டறையில் ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தார்கள். இரண்டாவதில் பொரியோடு ஒரு லட்டு. மூன்றாவது பட்டறையின் முதலாளி, பூசணிக்காய் உடைத்த இடத்தைப் பெருக்கியபடியே சிரித்தார்.

"பெரியவரே, இன்னிக்கு இந்த ரோடு முழுக்கத் தேடினாலும் ஒரு ஸ்பேனர் கெடைக்காது. எல்லாம் சாமிகிட்ட இருக்குது. பொரி வேணும்னா இன்னும் ரெண்டு பாக்கெட் எடுத்துக்கினு போங்க."

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் நின்று, மாலையையும் திறந்த இஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆபரேஷன் பாதியிலேயே மாலை போட்டுட்டீங்களே" என்றார். நான் அவர் கையில் ஒரு பொட்டலம் பொரியை வைத்தேன்.

வேறு வேலையின்றிப் புதிய தட்டுகளை ஒரு தகர டப்பாவில் இட்டு, மூழ்குமளவு எண்ணெய் ஊற்றி மூடி வைத்தேன். என் அவசரத்திற்கு விட்டிருந்தால் அவற்றை அன்றே அரைகுறையாக நனைத்து மாட்டியிருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள், விஜயதசமி அதிகாலையில், கற்பூரம் காட்டி ஸ்பேனர்களை மனைவியே எடுத்துத் தந்தார். தட்டுகள் எண்ணெயை நன்கு குடித்திருந்தன. கார்க் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கினேன். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். மூடிக்குப் புதிய பேக்கிங் வைத்து, புதிய எண்ணெய் ஊற்றி, கிளட்ச் லீவரில் சற்றே தளர்வு இருக்குமாறு கேபிளைச் சரிசெய்தேன். மணி பத்தாகியிருந்தது.

தொம்மலூர் மேம்பாலத்தின் அடிவாரத்தில் என் மனைவி தோளைத் தட்டினார். "நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்."

"உக்காரு. ஏறலைன்னா நாளைக்கே குடுத்துடறேன்" என்றேன்.

லீவரை முழுவதுமாக விட்டேன். அதன்மேல் விரல் படாதபடி கைப்பிடியை இறுகப் பற்றினேன். வண்டி ஒரே சீராக ஏறிற்று. முன்னே சென்ற தண்ணீர் லாரியையும் கடந்தோம். உச்சியைத் தாண்டி இறங்குகையில் மனைவி மீண்டும் தோளைத் தட்டினார்.

"மெதுவா போங்க. இன்னும் தங்கச்சி சமைச்சே முடிச்சிருக்க மாட்டா."

வண்டி இன்றும் எங்களிடமே உள்ளது. தட்டுகளை ஊறவைக்கும் முறையையும் அடுக்கும் வரிசையையும் என்னால் இயன்ற அளவு இதில் பிழையின்றி எழுதியிருக்கிறேன். ஆகவே இத்தாள்களை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.