போனனான் என்றால் நான்தான்

ஒரு தமிழ் வாக்கியத்தில் யார், என்ன செய்தார் என்று பிரித்தறியக் கணினியைப் பழக்குவதுதான் என் வேலை. இலங்கையில், வன்னியின் மல்லாவியில், வீட்டில் இருந்தபடியே செய்கிறேன்.

இன்று நான் கொடுத்த வாக்கியம்: "நான் சந்தைக்குப் போனனான்."

'ஆன்' என்று முடிகிறதாம், அதனால் போனது யாரோ ஓர் ஆணாம். 'நான்' அங்கே ஏன் நிற்கிறது என்று புரியாமல் கணினி சிவப்புக் கோடு போட்டுவிட்டது.

சென்னையிலிருந்து எங்கள் வேலையைச் சரிபார்க்கும் அண்ணாவை அழைத்தேன்.

"தப்பான வாக்கியம்மா. 'போனேன்'னு மாத்துங்க, இல்லன்னா தூக்கிடுங்க."

"பிழை இல்லை அண்ணா. வன்னியில நாங்கள் இப்பிடித்தான் கதைக்கிறனாங்கள்."

"கதையெல்லாம் வேண்டாம்மா. ஜனங்க நிஜமா பேசுறதுதான் வேணும்."

பேசுவதைத்தான் நாங்கள் 'கதைப்பது' என்போம். கணினி யாரிடம் படித்தது என்று அப்போதுதான் விளங்கியது.

நான் மாற்றவில்லை. தூக்கவும் இல்லை. அதே மாதிரி இன்னும் பல வாக்கியங்கள் எழுதி, எல்லாவற்றிலும் 'தன்மை ஒருமை' என்று குறித்து அனுப்பிவிட்டேன். திருப்பி அனுப்பினால் மறுபடியும் அனுப்புவேன்.

கைவசம் இருந்த வாக்கியங்கள் முடிந்துவிட்டன. இண்டைக்கு எங்கை போனனீங்கள், என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கீழே எழுதுங்கோ.

'போனேன்' என்று எழுதுகிறவர்களைத் தூக்கிவிடுவேன்.