ஓட்டல் வைஃபையில் போன படம்

என் தங்கை கணவனை விட்டு வெளியேறிய அன்று, பத்து பெரண்டாம் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கணக்குப் பிரிவில் சொல்லிவிட்டு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன்.

மருத்துவமனைக்கும் போலீஸ் நிலையத்துக்கும் போய் வந்தோம். தங்கா பத்துவில் இருக்கும் என் வீட்டுக்குப் போக முடியாது. அவன் முதலில் வந்து தேடும் இடம் அதுதான். மறுநாள் காலையில் பாதுகாப்பு உத்தரவு விஷயமாக அலோர் காஜாவில் சமூகநல அதிகாரியைப் பார்க்கவேண்டியிருந்ததால், அங்கேயே ஒரு சின்ன ஓட்டலில் என் பெயரில் அறை எடுத்தேன். வழியிலேயே தங்கை தன் கைப்பேசியிலிருந்து சிம் கார்டைக் கழற்றிவிட்டாள்.

"இனி அவரால கண்டுபுடிக்க முடியாதுக்கா," என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காயம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தார் அதிகாரி. அவள் ஜன்னலோரம் நின்று சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேலே விரல் விரலாக நீலம் பாரித்திருந்தது. அவள் கைப்பேசியிலேயே நான் படம் எடுத்தேன். கீழே வரவேற்பு மேசையில் இருந்த மலாய்ப் பெண் கொடுத்த சீட்டைப் பார்த்து ஓட்டல் வைஃபையின் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, தங்கை அதிகாரிக்கு அனுப்பினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கைப்பேசி சிணுங்கியது. அதிகாரிதான் என்று நினைத்து எடுத்தவள், பாம்பைத் தொட்டவள்போல் அதைக் கட்டிலில் எறிந்தாள்.

நான் எடுத்துப் பார்த்தேன். அவன் அனுப்பியிருந்தான். அதே கை, அதே நீலம், பின்னால் இந்த அறையின் பூப்போட்ட திரைச்சீலை. அதன் கீழே எழுதியிருந்தான்: "ரொம்ப வலிக்குதா? அலோர் காஜாவுல நல்ல மழையாமே."

"நான் அவருக்கு அனுப்பலக்கா. சத்தியமா அனுப்பல."

திரையை இழுத்து மூடினேன். விளக்கை அணைத்தேன். ஓட்டலில் யாரோ வைஃபை வழியாக எங்களை வேவு பார்க்கிறார்கள், கீழே இருக்கும் அந்த மலாய்ப் பெண்ணும் அதற்கு உடந்தை என்றெல்லாம் புத்தி ஓடியது. அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு, என்னுடையதிலிருந்து போலீசைக் கூப்பிட்டேன். வருகிறோம் என்றார்கள்.

அப்போது அறையின் தொலைபேசி அடித்தது. நாங்கள் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. எடுத்தேன். அந்த மலாய்ப் பெண்தான். குரலைத் தணித்துப் பேசினாள்.

"காக், ஜாங்ஙான் துருன்." அக்கா, கீழே இறங்கி வராதீர்கள் என்றாள். ஓர் ஆள் உங்களோடு வந்த பெண்ணின் படத்தைக் காட்டிக் கேட்கிறான், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டேன், ஆனால் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். அவளைச் சந்தேகப்பட்டதற்குக்கூட எனக்கு அப்போது வெட்கப்பட நேரமில்லை.

மேசையைத் தள்ளிக் கதவுக்கு அண்டை கொடுத்தோம். குளியலறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தோம். நடைவழியில் ஒவ்வொரு காலடி கேட்கும்போதும் தங்கை என் மணிக்கட்டை இறுக்கினாள். யாரோ கதவைத் தட்டினார்கள். "போலீஸ்" என்றது ஒரு பெண் குரல். அப்போதும் திறக்கவில்லை. வரவேற்புப் பெண்ணும் கூடவே குரல் கொடுத்த பிறகுதான் மேசையை நகர்த்தினேன்.

கீழே போலீஸ் கேட்டதற்கு, மனைவியைச் சாப்பிட அழைத்துப்போக வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். அவனை நிலையத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள்.

அந்தப் பெண் போலீஸ் தங்கையின் கைப்பேசியை வாங்கி இயக்கிப் பார்த்துவிட்டு, இதில் இருப்பது யாருடைய மின்னஞ்சல் கணக்கு என்று மலாயில் கேட்டார்.

"அவருதான் ஃபோன் வாங்கிக் கொடுத்தாரு," என்றாள் தங்கை என்னிடம். "எல்லாம் அவரே செட் பண்ணிக் கொடுத்தாருலா."

விஷயம் அதுதான். ஓட்டலில் யாரும் வேவு பார்க்கவில்லை. வைஃபை கிடைத்த மறுநொடியே அந்தக் கைப்பேசி, தான் எங்கே இருக்கிறது என்பதையும் புதிதாக எடுத்த படத்தையும் அவன் கணக்குக்குத் தானாகவே அனுப்பிவிட்டது. சிம்மைக் கழற்றியதால் ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டு வைஃபையாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

தங்கை மெல்லக் கேட்டாள்:

"அப்ப வீட்டுல ஒளிச்சு ஒளிச்சு நான் எடுத்த படம்லாம்? முன்னாடி அடிச்சப்ப எடுத்தது? அதெல்லாம் அவரு பாத்துக்கிட்டேதான் இருந்தாராக்கா?"

ஓட்டலுக்கு அவன் வந்ததைவிட அந்தக் கேள்விதான் இன்றும் எனக்கு நடுக்கம் தருகிறது. அவள் சாட்சியம் சேர்த்ததை எல்லாம் தெரிந்துகொண்டே, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

உத்தரவு கிடைத்தது. பழைய கைப்பேசி போலீசிடம் போய்விட்டது. இப்போது அவள் வேறு ஊரில் வேலை செய்கிறாள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். புதுக் கைப்பேசி வாங்கிய அன்று, என் பக்கத்தில் உட்கார்ந்துதான் புதுக் கணக்குத் திறந்தாள். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும் கை நின்றது.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க."

திரும்பிக்கொண்டேன். அவள் தட்டி முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.