மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று

கத்திக்கு முன்னால் கட்டைவிரல் போகிறது. கோழி இறக்கையின் நடுத்துண்டை இடது உள்ளங்கையில் மல்லாத்திப் போட்டு, தோலின் மேலாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்திப் பார்க்கிறார். உள்ளே இரண்டு எலும்புகள் உண்டு. ஒன்று தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். இன்னொன்று பென்சில் அளவு. இரண்டும் இருக்கின்றன என்று விரல் சொன்ன பிறகுதான் கத்தி மூட்டைச் சீவுகிறது. சட்டைக் கையை மடித்துவிடுவதுபோலச் சதையைக் கீழே தள்ளுகிறார். மெல்லியதை ஒரு திருகு திருகி உருவுகிறார்; பிறகு தடித்ததை. இரண்டையும் எதிரே இருக்கும் எவர்சில்வர் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைக்கிறார். எலும்பு போன சதைக்குள் கட்டைவிரலை மறுபடியும் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அப்புறம்தான் அடுத்த இறக்கை.

பொரித்த கோழி விற்கும் கடையின் பின்கட்டில் பதினோரு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. கடையில் இறக்கை இரண்டு விதமாகக் கிடைக்கும், எலும்போடும் எலும்பில்லாமலும். வேறு கடைகளில் எலும்பில்லாத இறக்கை என்று தருவது பெரும்பாலும் நெஞ்சுக்கறியைத் துண்டு போட்டதாக இருக்கும். இந்தக் கடை முதலாளிக்கு ஒரு வீம்பு. பலகையில் இறக்கை என்று எழுதியிருந்தால் தட்டிலும் இறக்கைதான் இருக்க வேண்டும் என்பார். அந்த வீம்பில்தான் இவர் பிழைப்பு ஓடுகிறது.

தட்டில் எலும்புகள் வரிசைக்குப் பத்து ஜோடியாகப் படுத்திருக்கும். அதைப் பார்த்துச் சமையற்கட்டில் யாரோ இவருக்கு வைத்த பெயர் ரெட்டையண்ணன். நாற்பது துண்டு என்றால் நாற்பது ஜோடி. எண்ணி முடித்ததும் ஒவ்வொரு எலும்பின் நுனியையும் தடவுவார். முறிந்த நுனி என்றால் மீதி சதைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் முழுசாக இருந்தால் “போகலாம்” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக எண்ணெய்ச் சட்டி காத்திருக்கும்.

பொரிக்கும் வேலை அடுப்புக்காரம்மாவுடையது. அவருக்குப் பொறுமை கிடையாது.

“ரெட்டையண்ணே, நகைக்கடைக்காரன்கூட இப்படி உரசிப் பாக்க மாட்டான். குடுங்க, எண்ணெய் காயுது.”

“எண்ணெய் காஞ்சா இன்னொரு தடவை காய வெக்கலாம்மா. தொண்டை ஒண்ணுதானே இருக்கு.”

“எலும்போட கேக்குறவங்களுக்கு இவ்வளவு பாக்குறீங்களா? அப்படியே தூக்கிக் குடுத்துடுறீங்க.”

“அவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும். பாத்துத்தான் பல்லை வெப்பான். எலும்பில்லன்னு நம்பி ஒருத்தன் கண்ணை மூடிட்டுக் கடிக்கிறான் பாருங்க, அவனை நெனச்சாத்தான் எனக்குப் பயம்.”

இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. இங்கே வருவதற்கு முன் வேறொரு கடையில் இருந்தார். ஒரு பிற்பகல், கூடத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது. கடைகளில் இருமல் சகஜம். இவர் தலை நிமிரவில்லை. பிறகு இருமல் நின்றது. நாற்காலி சாயும் சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது நடுவயதுக்காரர் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தார், சத்தமே வரவில்லை. யாரோ முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார்கள். ஒரு அங்குல நீளத்தில் மெல்லிய எலும்பு ஒன்று மேசைவிரிப்பில் வந்து விழுந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார், வீட்டுக்குப் போனார்.

அந்தக் கடையில் எலும்பெடுக்க மூன்று பேர் இருந்தார்கள். யார் கையிலிருந்து அது போனது என்று யாரும் கேட்கவில்லை. இவருக்கும் இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் குற்றமாகி ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். தெரியாததால் பயமாகி எல்லா இடத்துக்கும் கூடவே வருகிறது. பேருந்தில் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பார். இருமல் தொடர்ந்தால் நிம்மதி. நின்றுவிட்டால் எழுந்துபோய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். இரண்டொரு முறை திட்டும் வாங்கியிருக்கிறார்.

இவர் கோழி சாப்பிடுவதில்லை. மீன் வீட்டுக்குள் வருவதில்லை. மனைவிக்கு எலும்போடு இருந்தால்தான் இறங்கும்.

“எலும்பில்லாத கறியும் சண்டையில்லாத வீடும் ஒண்ணுதான். சப்புன்னு கெடக்கும்” என்பார் அவர்.

“நீ கடிச்சுக்கோ. குழந்தை தட்டுல மட்டும் வெக்காத.”

“குழந்தையா? அதுக்கு ஒன்பது வயசாச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க.”

ஒரே மகள். அவள் தட்டில் விழும் கறி எதுவானாலும் இவர் விரலில் நாராகப் பிய்ந்துதான் விழும். அவள் கையைக் கழுவிவிட்டு வந்ததும் எதிரே நிற்க வைத்து “ஆ காட்டு” என்பார். கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, நாக்குக்கு அடியில், கன்னத்துக்கு உள்ளே, உள்நாக்குக்குப் பின்னால் என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். மூன்று வயதில் இது விளையாட்டாக இருந்தது. இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அவள் வாயைத் திறக்கிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், மகளோடு படிக்கும் பெண்ணுக்குப் பிறந்தநாள். விருந்து இவர் வேலை பார்க்கும் கடையிலேயே. பன்னிரண்டு குழந்தைகள், எலும்பில்லாமல் நாற்பது துண்டு, எலும்போடு இருபது. காலையில் கிளம்பும்போதே மகளிடம் சொன்னார்.

“ரெண்டு தட்டு வரும். எலும்பில்லாததுல மட்டும் கை வைக்கணும். அது நான் எடுத்தது. சரியா?”

“சரிப்பா.”

அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த தாய் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். மகள் கண்ணாடியில் தாயைப் பார்த்தாள். இவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மதியம் கடைசிச் சில துண்டுகள் கையில் இருந்தபோது கூடத்தில் குழந்தைகளின் இரைச்சல் எழுந்தது. கை வேலையில் இருந்தது, காது கூடத்துக்குப் போய்விட்டது. நாற்பதாவது துண்டைப் பாத்திரத்தில் போட்டதும், எண்ணுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. பதினோரு வருடத்தில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை. கூடத்துக்குப் போகும் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் நெற்றியை வைத்துப் பார்த்தார். மகள் எங்கே உட்காருகிறாள், பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா, தண்ணீர்க் குவளை எட்டுகிறதா. ஓரத்தில் உட்கார்ந்தாள். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை.

திரும்பி வந்தபோது பாத்திரம் காலி. எண்ணெய் சடசடவென்று பொரிந்தது.

“மேனேஜர் பறக்குறாரு அண்ணே. நீங்கதான் முடிச்சுட்டீங்களேன்னு போட்டுட்டேன்” என்றார் அடுப்புக்காரம்மா.

அவர் தட்டைப் பார்த்தார். நான்காவது வரிசையின் கடைசியில் தடித்த எலும்பு ஒன்று தனியாகக் கிடந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தொன்பது ஜோடி, ஒரு ஒற்றை.

அப்போதே “நிறுத்தும்மா” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுபோலக் குனிந்து தரையில் தேடினார். கழுவும் தொட்டியில் கையைவிட்டுத் துழாவினார். குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். தோலும் மூட்டுகளும் இருந்தன. தீக்குச்சி போன்ற அந்த ஒன்று இல்லை. நிமிர்ந்தபோது பரிமாறும் ஜன்னல் திறந்திருந்தது. தட்டுகள் போய்விட்டிருந்தன.

ஈரமான மேலங்கியோடு அவர் கூடத்துக்குள் வந்ததை அந்தக் கடையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. நேராக மேசைக்குப் போய் எலும்பில்லாத தட்டைத் தன் பக்கம் இழுத்தார். முதல் துண்டை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். ஆவி வந்தது. விரல் சுட்டது. அடுத்ததைப் பிய்த்தார்.

“அங்கிள் நம்ம சாப்பாட்டைப் பிய்க்கிறாரு” என்றது ஒரு குழந்தை. மேசை முழுக்கச் சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறந்தநாள் பெண்ணின் தந்தை எழுந்து வந்தார். “என்னங்க இது? என்ன ஆச்சு?”

மேலாளர் ஓடிவந்தார். வயதில் இவரைவிட இளையவர். “அண்ணே, என்ன பண்றீங்க? உள்ள போங்க.”

“இதுல ஒண்ணு இருக்கு சார்.”

“மெதுவா. என்ன இருக்கு?”

“எண்ணாம விட்டுட்டேன் சார்.”

மேலாளருக்குப் புரிந்தது. சிரித்த முகத்தோடு விருந்துக்காரர் பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்ல சார், தரம் பாக்குறோம். எங்க கடையில இது வழக்கம்” என்றார். திரும்பாமலே பல்லிடுக்கில், “நாளைக்கு நீங்க வேலைக்கு வரணும்னா இப்பவே உள்ள போங்க” என்றார்.

இவர் பிய்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளின் வாய்களுக்கு ஒன்பது துண்டு போயிருந்தது, தட்டில் முப்பத்தொன்று. பிய்த்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார்: “யாரு யாரு இதுல எடுத்தீங்க? முழுங்கும்போது குத்துதா? சொல்லுங்க கண்ணுங்களா, குத்துதா?”

சுருட்டைமுடிப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினான். இரண்டு முறை இருமி, நிறுத்தினான். வாயைத் திறந்து, கண்ணை உருட்டினான்.

இவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த மேசையில் யாரும் சிரிக்கவில்லை. துண்டு கையிலிருந்து நழுவியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பையனின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார், கை ஓங்கியாகிவிட்டது.

“சும்மா, சும்மா பண்ணேன் அங்கிள்” என்றான் பையன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு தட்டுக்குத் திரும்பியது. இருபத்திரண்டாவது துண்டில் விரல் நின்றது. சதை மூடியிருந்த இடத்தை நகத்தால் கீறினார். மெல்லிய எலும்பு முழுசாக உள்ளேயே படுத்திருந்தது, தூங்குகிற பாம்புக்குட்டிபோல. உருவி எடுத்து, நுனி இரண்டையும் தடவிப் பார்த்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். மேலாளர் பார்த்துவிட்டார். பிறந்தநாள் பெண்ணின் தந்தையும் பார்த்துவிட்டார். அவர் அந்தத் தட்டைத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்தார்.

ஒன்றுதான் குறைந்தது, அது கிடைத்துவிட்டது. நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் வீண்பயம் என்று பெயர் வாங்கிய பயம் ஒருநாள் சரியென்று ஆகிவிட்டால், பிறகு அதை யாராலும் வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. மகள் பக்கம் திரும்பினார்.

“நீ எத்தனை தின்ன?”

“அப்பா, போங்கப்பா.”

“எத்தனை?”

“நான் அதுல எடுக்கல.” அவள் குரல் இறங்கியது. “எலும்போடதுதான் சாப்பிட்டேன்.”

“எலும்போடதா? உனக்குச் சாப்பிடத் தெரியாதே.”

“தெரியும். நீங்க வேலைக்குப் போனப்புறம் அம்மா தருவாங்க. ரெண்டு வருஷமா.”

இத்தனை நாளும் தான் வெளிச்சம் போட்டுப் பார்த்த வாய் அவர் நினைவுக்கு வந்தது. கீழே பார்த்தார். அவள் தட்டின் ஓரத்தில் சதை ஒட்டாத எலும்புகள் கிடந்தன. கிடந்தன என்று சொல்லக்கூடாது, அடுக்கியிருந்தன. மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று. மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று. மூன்று ஜோடி.

அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “எண்ணிக்கோங்க.”

எண்ணினார். எண்ணியும் கை விலகவில்லை. முதல் எலும்பை எடுத்து நுனியைத் தடவினார். இரண்டாவது, மூன்றாவது. ஆறும் முழுசு. மறுபடி முதல் எலும்பை எடுத்தார். மேசையைச் சுற்றிப் பதினொரு குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் கைகட்டி நின்றார். மகள் அந்த முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, அப்பாவுக்கு எதிரே வந்து நின்று, முகவாயைத் தூக்கி, அவர் கேட்காமலே “ஆ” என்று வாயை அகலத் திறந்தாள்.

அவர் எண்ணெய்க் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியின் விளக்கை எரியவிட்டார்.