போத்தலுக்குள் கிடந்த மஞ்சள் நூல்

கோழிகள் வெட்டின அன்றைக்கு அங்கே நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சொந்தக்காரி ஹில்டா. இவரின் தம்பி நடராசா. நான். பிறகு இவர். கட்டினவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான், அதனால் இவர் என்றே எழுதுகிறேன்.

வெந்நீரில் அமிழ்த்திய இறகின் மணம்... அது இப்போதும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அகதியாக வந்தவர்களை அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பிரித்துப் போட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது பிராங்பேர்ட்டிலிருந்து வடக்கே, மலைக்குள் ஒரு கிராமம். ஹில்டாவின் பண்ணை வீட்டு மேல்மாடி. வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்க ஏலாமல் அவளின் கோழிகளை நான் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் குளிரில் கோழி வளர்ப்பது நம் ஊர் மாதிரி இல்லை. காலையில் போனால் தண்ணீர் கல்லாகிக் கிடக்கும். கொண்டை குளிரில் கருகி விழாமல் இருக்கப் பன்றிக்கொழுப்புப் பூச வேண்டும். முருகனுக்கு நேர்ந்த சேவலுக்கும் அதைத்தான் பூசினேன், கண்ணை மூடிக்கொண்டு.

ஓம், நேர்ந்த சேவல். என் மூத்தவன் குகன் அப்போது மன்னாரில் நின்றான். வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வருவதாக ஏற்பாடு. அவனுக்காக ஒரு செஞ்சேவலை நேர்ந்து, மஞ்சளில் நனைத்த நூலைச் சிறகின் அடியில் கட்டிவிட்டேன். காலில் கட்டினால் பனியில் நனைந்து உறைந்துவிடும். குகன் வந்து தன் கையால் அதை அவிழ்க்க வேண்டும். அதுவரை அந்த உயிரில் கத்தி படக்கூடாது.

நடராசாவுக்குச் சிரிப்பு. "முருகனுக்கு ஜெர்மன் விளங்குமோ அண்ணி? உது வெள்ளைக்காரச் சேவல்."

பகிடி விடுவதில் அவன் கெட்டிக்காரன்.

கடும் பனி மூடுவதற்கு முன்னால் கிழட்டுக் கோழிகளையும் மேலதிகச் சேவல்களையும் வெட்டிப் போத்தலில் அடைப்பது ஹில்டாவின் வழக்கம். குளிர்காலத்தில் தீனி கட்டாது. சகோதரங்கள் இரண்டு பேரும் கொட்டிலில் நின்று வெட்டி, இறகு பிடுங்கித் துண்டு போட்டார்கள். நானும் ஹில்டாவும் குசினியில் நின்றோம். இறைச்சியை உப்புத் தண்ணீரோடு கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, சிவப்பு ரப்பர் வளையம் வைத்து, கண்ணாடி மூடியைக் கவ்வி போட்டு இறுக்கி, பெரிய சட்டியில் அவிக்க வேண்டும். ஆறியதும் கவ்வியை எடுத்துவிடலாம். மூடி தானாகவே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பழுதாகிப்போனால் மட்டும் கழன்றுவிடும்.

பின்னேரம் கூட்டுக்குப் போனால் என் சேவலைக் காணவில்லை.

நரி கொண்டுபோய்விட்டது என்றான் நடராசா. நரி பிடித்தால் இறகு கொட்டிக் கிடக்கும். நிலத்தில் ஒரு இறகு இல்லை. அன்றைக்கு என் புத்தி அங்கே போகவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்புவீர்களோ தெரியாது...

கூட்டுக்குள் கோழிகள் உட்காரும் தடியில், சேவல் உட்காரும் இடத்தை விட்டுவிட்டுத்தான் மற்றதுகள் உட்கார்ந்தன. அவ்வளவு குளிரிலும் ஒன்றையொன்று நெருங்கவில்லை. நடுவில் ஒரு சேவலின் அகலத்துக்கு வெறும் தடி. நான் ஒரு கோழியைத் தூக்கி அதில் வைத்தேன். குதித்து இறங்கிவிட்டது.

ஒரு காலை ஹில்டா என்னிடம், புதுச் சேவல் வாங்கினீர்களா, கூவியதே என்று கேட்டாள். நானும் கேட்டிருந்தேன். சத்தம் கூட்டிலிருந்து வரவில்லை. கெல்லர் பக்கம், போத்தல்கள் அடுக்கியிருந்த அந்த நிலவறைப் பக்கமிருந்து வந்தது.

இவர் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோழி தொடவில்லை. வயிறு சரியில்லை என்பார். தன் பங்கையும் என் தட்டில் போடுவார். குகனைப் பற்றிக் கேட்டால், "வருவான், பொறு" என்பார்.

மாசி மாதம் போலிருக்கும், போத்தல் எடுக்க இறங்கினேன். ஒன்றின் மூடி கழன்று கிடந்தது. மற்றப் போத்தல்களில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்க, அதில் மட்டும் ஒரு பக்கம் மஞ்சள் பரவியிருந்தது. நாங்கள் மஞ்சள் போடவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இறைச்சிக்கு நடுவில் நூல். நான் போட்ட முடிச்சு அவிழவில்லை.

மேலே கொண்டுபோய் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

நடராசாவின் முகம் வெளிறிப்போனது. "நூலைக் குப்பையில போடப் பயமாக் கிடந்தது அண்ணி. நேர்த்தி நூலெல்லே... அதுதான் இறைச்சித் துண்டுக்குள்ளை செருகிவிட்டனான்."

சாமியின் சேவலை வெட்டப் பயமில்லை, நூலை எறியப் பயம். ஏன்ரா வெட்டினனி என்று கேட்டேன். அவன் தமையனைப் பார்த்தான்.

"நான்தான் வெட்டச் சொன்னனான்," என்றார் இவர். "வள்ளம் கரை சேரேல்லை. ஒருத்தரும் தப்பேல்லையாம். போன் வந்தது. உது ஒவ்வொரு நாளும் விடியக் கூவும். என்னாலை கேட்க ஏலாமப் போச்சு."

அப்போ வெட்டுவதற்கு முன்பே இவருக்குத் தெரியும். அந்தச் சேவலில் எந்தத் துண்டை என் தட்டில் போட்டாரோ... வெளியே ஓடிப்போய்ப் பனியில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து ஒன்றுதான் கேட்டேன். "என்ரை பிள்ளை போனது எந்த நாள்?"

மறந்துவிட்டது என்றார். போன் வந்த நாளாவது? அதுவும் ஞாபகமில்லையாம். அதன் பிறகு எத்தனையோ வருடம் கேட்டேன். வாய் திறக்கவில்லை.

நடராசா பிறகு காலில் விழுந்து அழுதான். அவனை மன்னித்துவிட்டேன்.

இப்போது நான் இருப்பது எட்டாம் மாடி. கோழி கடையில் தோல் உரித்து, துண்டு போட்டு, உறையவைத்து வருகிறது. எந்தக் கோழி, எந்தக் கூடு என்று யாருக்கும் தெரியாது. பேத்தி அந்தப் பழைய போத்தலில் பூ வைத்திருக்கிறாள், வடிவாம். சில விடியலில் இந்த உயரத்திலும் எனக்குச் சேவல் கூவுவது கேட்கும். நான் எழும்பிக் கதவைத் திறந்துவிடுவேன்.

இவர் இறந்த திதியை ஒவ்வொரு வருடமும் பார்த்து, பிடித்த கறியெல்லாம் சமைத்துப் படைக்கிறேன். குறை வைப்பதில்லை. குகனுக்குப் படைக்க எனக்கு ஒரு நாள் இல்லை. அந்த நாளைத் தெரிந்தவர் சொல்லாமலே கொண்டுபோய்விட்டார்.

இத்தனை வயதில் முதல்தரம் அந்தப் பெயரை எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் இவர்தான்.

கந்தையா.