மாஸ்டரக்காவின் நிற்காத குதிரை

நன்றாக நிற்கிற காகிதக் குதிரையைச் செய்யத் தெரிந்த ஒருத்தி, மூக்குக் குப்புற விழுகிற குதிரையை எதற்காகக் கண்ணாடி அலமாரியில் முட்டுக்கொடுத்து வைத்திருக்க வேண்டும்? அந்த வீட்டுக்குப் போகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். பக்கத்து வீட்டில் குடியிருந்தும் எனக்கு அப்போது இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால்தான் இந்தக் கதை.

அவளை மாஸ்டரக்கா என்று கூப்பிடாதவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர்தான். ஒன்று, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் அவள் கணவர். இன்னொன்று, மேல் மாடியில் குடியிருக்கும் அவருடைய தங்கை. நாத்தனாருக்கு அவள் அண்ணி.

சீருடை தைக்கிற பட்டறை ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். உள்ளே போனது நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்கு. பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு நாள் பழைய மாஸ்டர் முதலாளியோடு முட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேஜையில் விரித்த துணி விரித்தபடி கிடந்தது. "யாராவது வெட்டுறீங்களா, இல்ல எல்லாரும் இதுமேலயே படுத்துத் தூங்கலாமா?" என்று முதலாளி கத்தினார். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தவள் அவள் ஒருத்திதான். அன்று கையில் எடுத்த கத்தரியை அதற்கப்புறம் அவள் கீழே வைக்கவில்லை.

வெட்டு மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் ஒற்றையாக வெட்ட மாட்டார்கள். துணியை அடுக்கி, மேலே கோடு போட்டு, ஒரே வெட்டில் அடுக்கு முழுவதையும் எடுப்பார்கள். சட்டைக்கு இடது பக்கம் என்று ஒன்று இருந்தால் வலது பக்கமும் இருக்கத்தானே வேண்டும்? இரண்டு துணியின் முதுகும் ஒட்டியிருக்கும்படி வைத்து வெட்டினால் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும். இது அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சமையலறைத் தட்டுக்கு விரிக்கிற செய்தித்தாளைக்கூட அவள் ஒற்றையாக வெட்டி யாரும் பார்த்ததில்லை.

இப்படிக் கத்தரியோடு குடும்பம் நடத்தியவளை ஒரு கண்ணாடி டம்ளர் காலை வாரிவிட்டது. பாத்திரம் கழுவும்போது கைக்குள்ளேயே உடைந்தது. பார்த்தால் சின்னக் காயம். ஆனால் வலது கட்டைவிரலை மடக்குகிற தசைநாண் உள்ளே அறுந்துபோயிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள், கட்டுப் போட்டார்கள், மாதக்கணக்கில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கட்டைப் பிரித்தபோது விரல் இருந்தது. ஆனால் அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் இருந்தாள். வயதில் சின்னவள், வாயில் பெரியவள். "எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்குக்கா உங்க விரல். திறந்து மூடித் திறந்து மூடித்தான் சரிபண்ணணும்" என்பாள். ஒரு நாள் கொஞ்சம் வெள்ளை அட்டைத் தாள்களைக் கொடுத்தாள். வெட்டி, மடித்து, ஒட்டிப் பொம்மை செய்வதற்கான கோடுகள் அவற்றில் அச்சாகியிருந்தன. வீடு, படகு, குதிரை.

"முதல்ல வீடு பண்ணுங்க. எல்லாம் நேர்கோடுதான். குதிரைகிட்ட அவசரப்பட்டுப் போயிடாதீங்க."

"ஏன், கடிக்குமா?"

"உதைக்கும். இன்னொண்ணு, ஒத்தை ஒத்தைத் தாளா வெட்டுங்க. அட்டை கெட்டி. விரலுக்குப் பாரம் கூடாது."

வீட்டையும் படகையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரையின் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறுகிற வளைவு, சட்டையில் கை பொருத்துகிற இடத்து வளைவு மாதிரியே இருந்தது. ஒரு மாஸ்டரின் கை தேறுமா தேறாதா என்பது அந்த வளைவில்தான் தெரியும். நேர்கோட்டை யார் வேண்டுமானாலும் வெட்டலாம்.

அந்த வாரம்தான் முதலாளி ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அவசரப்படுத்த வரலைம்மா. ஆஸ்பத்திரி சீருடை ஆர்டர் வந்திருக்கு. திங்கட்கிழமை துணி விரிக்கணும். முடியும்னா மேஜை உங்களுது. முடியலைன்னா பட்டன் பக்கம் உக்காந்துக்கங்க, சம்பளத்துல கை வைக்க மாட்டேன். வெட்டுறதுக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். ஞாயித்துக்கிழமை ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

நல்ல மனிதர், நல்ல வார்த்தை. அதுதான் அவளுக்குக் கனமாக இருந்தது. பட்டன் பக்கம் என்பது பட்டன்களை நிறம் பிரித்து, அளவு பிரித்து, டப்பாவில் போடுகிற மேஜை. கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்தவர்கள் யாரும் திரும்பி எழுந்து வந்ததில்லை.

"உனக்கு என்னம்மா தோணுது?" என்று கணவர் கேட்டார்.

"எனக்குத் தோணுறது இருக்கட்டுங்க. இந்தக் கைக்கு என்ன தோணுதுன்னு தெரியணுமே. ஒரு கோடு தப்பினா ஒரு சட்டையா போகும்? அடுக்குல இருக்கிற அத்தனையும் போகும்."

யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டாள். குதிரை நின்றால் வெட்டு மேஜை. விழுந்தால் பட்டன்.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். குதிரைத் தாள்கள் இரண்டையும் நேர்பண்ணி, துணிக்கு மாட்டுகிற கிளிப்புகளைக் கவ்வவிட்டு, கத்தரியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, வண்டி வாங்கச் சொல்லி எவ்வளவு நாளா கேக்குறீங்க. அண்ணன் கடைசியில குதிரைக்கு ஏற்பாடு பண்ணிட்டாரா?"

"வாயை மூடிட்டு உக்காருடி. கை ஆடிடப் போகுது."

நாத்தனார் உட்கார்ந்தாள். வாயை மட்டும் மூடவில்லை. கட்டடத்துத் தண்ணீர் மோட்டாரை யார் ஓடவிட்டு மறந்தது என்று முந்தின நாள் படிக்கட்டில் நடந்த சண்டையை, அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள். கீழ் வீட்டுக்காரர் கையை நீட்டினாராம், மூன்றாம் மாடி அம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாராம். "பிடிச்சுட்டு விடவே இல்லை அண்ணி! அவரு பாவம், திட்டுறதா கெஞ்சுறதான்னு தெரியாம நிக்குறாரு!" மாஸ்டரக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். கத்தரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சண்டை முடிந்தபோது குதிரையின் உடம்பு வெட்டி முடிந்திருந்தது.

மடிக்கிற வேலையில்தான் திண்டாட்டம். ஒட்டுவதற்காக ஓரத்தில் விட்டிருந்த சின்னச் சின்னப் பற்களை மடித்துப் பசை தடவ, விரல் ஒத்துழைக்கவே இல்லை. பசை முழங்கை வரை ஏறியது. வால் இரண்டு தடவை கையோடு வந்தது. நாத்தனார் தன் மகளின் கலர் பென்சிலைக் கொண்டுவந்து, தலை முதல் குளம்பு வரை பழுப்பு பூசினாள். முன்னங்கால் இரண்டையும் தூக்கிய, பாய்கிற குதிரை. பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பசை நன்றாகக் காய்ந்த பிறகு, மேஜை நடுவில் வைத்துக் கையை எடுத்தாள்.

குதிரை ஒரு கணம் யோசித்தது. பிறகு மூக்குக் குப்புற விழுந்தது.

திரும்ப வைத்தாள். திரும்ப விழுந்தது. கணவர் ஸ்பேனர் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து வந்தார். "லிஃப்டுக்கு எதிர்எடை வைக்கிற மாதிரிதான். பின்னால பாரம் குடுத்தா முன்னால நிமிர்ந்திடும்" என்று வாலில் ஒட்டினார். குதிரை பின்பக்கமாகச் சரிந்து, நாய் மாதிரி உட்கார்ந்தது.

"நல்லாத்தான் இருக்கு. குரைக்குமா?" என்றாள் நாத்தனார்.

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டரக்கா நட்டைப் பிய்த்துக் கணவர் கையில் கொடுத்தாள்.

"தாள்ல 'சமமான இடத்தில் நிறுத்தவும்'னு போட்டிருக்கு. அப்ப நிக்கணும். பின்னங்காலை ஒரு நூல் அளவு தப்பா வெட்டியிருக்கேன். அவ்வளவுதான். முதலாளிக்கு போன் போட்டு பட்டன் பக்கமே வர்றேன்னு சொல்லிடுங்க."

"நீயே சொல்லும்மா."

"அதுக்கு எனக்கு வாய் வரலைங்க."

அவர் போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, நம்பரைத் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டே இருந்தார். அவள் துடைப்பத்தை எடுத்தாள். மனது சரியில்லாவிட்டால் பெருக்குவது அவள் பழக்கம். மேஜைக்கு அடியில் முந்தின நாள் வெட்டின கழிவுத் துண்டுகள் கிடந்தன. குனிந்து அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு துண்டில் ஒரு கால் இருந்தது. முட்டி, கணுக்கால், குளம்பு எல்லாம் கோடாக வரைந்தபடி, நேராகத் தரையில் ஊன்றிய ஒரு முன்னங்கால். அதை யாரும் வெட்டவே இல்லை.

மெதுவாகத்தான் புரிந்தது. அது பாய்கிற குதிரை இல்லை, நடக்கிற குதிரை. இடது பக்கத் தாளில் முன்னங்கால் தூக்கியிருக்கிறது, வலது பக்கத் தாளில் ஊன்றியிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். அவளோ இரண்டு தாளையும் முதுகோடு முதுகு வைத்து, கிளிப் போட்டு, மேலே இருந்த கோட்டிலேயே இரண்டையும் சேர்த்து வெட்டியிருக்கிறாள். சட்டை வெட்டுகிற மாதிரி.

துண்டுகளைத் தேடி எடுத்தாள். மேல் தாளின் கழிவு ஒன்று, கீழ்த் தாளின் கழிவு ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கழுத்து வளைவில் ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் போனது. மேல் தாளில் வெட்டு கோட்டை விட்டு எங்கும் விலகவில்லை. கீழ்த் தாள் மேல் தாளை விட்டு எங்கும் விலகவில்லை. நகத்தால் தடவிப் பார்த்தாள், நகம் எங்கும் தட்டவில்லை.

பிசியோ பெண் ஒற்றைத் தாள்தான் வெட்டலாம் என்றிருந்தாள். இவள் வெட்டியது கெட்டி அட்டையில் இரண்டு அடுக்கு. அதுவும் பாதிக் கவனத்தை மோட்டார் சண்டையில் வைத்துக்கொண்டு.

மாஸ்டரக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கணவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஏங்க, குதிரையோட கால் குப்பையில கிடக்குங்க!"

அவள் விளக்கிச் சொன்னதும் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப குதிரை விழுந்ததுல உங்களுக்குச் சந்தோஷமா? இது எந்த ஊர் நியாயம் அண்ணி?"

"ஒத்தை ஒத்தையா வெட்டி அது நின்னிருந்தா, இந்தக் கை காகிதம் வெட்டும்னு மட்டும்தான்டி தெரிஞ்சிருக்கும். இப்ப பாரு, அடுக்கையே வெட்டியிருக்கு. நான்தான் பயந்துக்கிட்டு இருந்திருக்கேன். அது பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வந்திருக்கு." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "போன் போட்டுட்டீங்களா?"

"நம்பர் கிடைக்கலை" என்றார் அவர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய போனில் இருக்கிற நம்பர் அது.

"குடுங்க. நானே பேசறேன்."

திங்கட்கிழமை அவள் வெட்டு மேஜைக்குப் போனாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். அன்று துணியைக் குறைவாகத்தான் அடுக்கச் சொன்னாள். நாலு தடவை நிறுத்திக் கையை உதறினாள். சாயங்காலம் விரல் வீங்கி, டம்ளரைக்கூட இடது கையால்தான் பிடித்தாள். இன்றைக்கும் குளிர்ந்த காலைகளில் அந்தக் கட்டைவிரல் முரண்டு பிடிக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களின் சட்டையில் ஒரு கை கூடக் கோணலாகப் போகவில்லை.

பிசியோ பெண்ணுக்காக அவள் இன்னொரு குதிரை செய்தாள். ஒற்றை ஒற்றைத் தாளாக, பல்லைக் கடித்துக்கொண்டு. அது அந்தப் பயிற்சி அறையின் ஜன்னலோரத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காக நிற்கிறது. வீட்டு அலமாரியில் இருப்பது முதல் குதிரை. நெஞ்சுக்கு ஒரு நூல்கண்டு முட்டுக்கொடுத்திருக்கிறாள். பக்கத்திலேயே, வெட்டாத கால் வரைந்த அந்தத் துண்டும் இருக்கிறது.

அடிபட்ட கையையோ காலையோ மடியில் வைத்துக்கொண்டு, இனிமேல் அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். குதிரை விழுந்ததை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.